ஏழு நிமிடக் குரல் பதிவு: போப்பாண்டவரின் முடிவை வெளிப்படையாகக் குறை சொல்லலாமா?

மலேசியாவின் மேற்குக் கரையில் ஒரு தோட்டப் பட்டணம். ஒரு பக்கம் செம்பனை ஆலை, மறுபக்கம் ரப்பர் காலத்து லயங்கள் (தொழிலாளர் வரிசை வீடுகள்), நடுவே இரண்டு வரிசைக் கடைவீடுகள், தமிழ்ப்பள்ளி, மாரியம்மன் கோயில், பிரெஞ்சு சாமியார்கள் காலத்தில் எழும்பிய மாதா கோயில். பங்குத்தந்தை ஒருவர்தான், தோட்டத்துச் சிற்றாலயங்கள் மூன்றும் அவர் பொறுப்பிலேயே இருக்கின்றன. தமிழ்த் திருப்பலி மாதத்தில் இரண்டு ஞாயிறு. மற்ற நாள்களில் தமிழ்க் குடும்பங்களைச் சேர்த்துப் பிடித்திருப்பது அன்பியக் கூட்டமும் (அக்கம்பக்கத்துக் குடும்பங்களின் செபக் கூட்டம்) பங்கின் புலனக் (வாட்ஸ்அப்) குழுவும்தான்.

இந்த நிகழ்வு, இப்படிப்பட்ட பங்குகளில் வழக்கமாக எழும் சிக்கல்களை ஒன்றாகக் கோத்து ஆய்வுக்காக அமைத்தது. அதனால் ஊருக்கும் ஆளுக்கும் பெயர் கிடையாது. திருச்சபைச் சட்ட எண்கள், ஆவணங்கள், வரலாற்றுத் தேதிகள் எல்லாம் உள்ளது உள்ளபடி.

நடந்தது

2023 டிசம்பர் 18 அன்று வத்திக்கானின் விசுவாசக் கோட்பாட்டுத் துறை, திருத்தந்தை பிரான்சிஸின் ஒப்புதலோடு, ‘ஃபிதூச்சியா சுப்ளிக்கான்ஸ்’ என்ற அறிக்கையை வெளியிட்டது. திருச்சபை முறைப்படி மணமாகாத ஜோடிகளும் ஒரே பாலின ஜோடிகளும் குருவிடம் ஆசி கேட்டு வந்தால், வழிபாட்டுச் சடங்கு எதுவும் இல்லாமல் ஆசி தரலாம் என்பது அதன் மையம். கிறிஸ்து பிறப்பு விழா வேலையில் பங்கில் யாரும் அதைக் கவனிக்கவில்லை.

ஜனவரி நடுவில், ஆலையில் கிராணியாக (எழுத்தராக) இருந்து ஓய்வுபெற்ற ஒருவர் பங்குப் புலனக் குழுவில் ஏழு நிமிடக் குரல் பதிவு ஒன்றைப் போட்டார். 26 ஆண்டாக மறைக்கல்வி வகுப்பு எடுப்பவர். ஊரில் எல்லாருக்கும் அவர் ‘வாத்தியார்’. அன்று இரவே அது பங்கு எல்லையைத் தாண்டிவிட்டது. மறுநாள் தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் குழுவில் கேட்டது. அதற்கு மறுநாள் சாப்பாட்டுக் கடையில், “என்னண்ணே, உங்க போப்பையே நீங்க ஏத்துக்க மாட்டேங்கிறீங்களாமே?” என்று மற்ற மதத்துக்காரர்கள் கேட்கும் நிலை வந்தது.

பங்குத்தந்தை குழுவில் இரண்டு வரி போட்டார்: “இன்று முதல் வாத்தியார் வகுப்பு எடுக்க மாட்டார். திருத்தந்தைக்குக் கீழ்ப்படியாதவர் பிள்ளைகளுக்குப் போதிக்க முடியாது.” அன்பியத் தலைவர் ஒருவர் ஒருபடி மேலே போய், வாத்தியாரைப் பிரிவினைக்காரர் என்றும், திருப்பலியில் எழுந்து நின்று மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றும் பதிவிட்டார். மூன்று குடும்பங்கள் கோயிலுக்கு வருவதை நிறுத்தின. உறுதிபூசுதலுக்குத் தயாராகிக்கொண்டிருந்த 19 பிள்ளைகளின் வகுப்பு பாதியில் நின்றது.

பதிவை எழுத்தில் வடித்தல்

இப்படிப்பட்ட வழக்கில் முதல் வேலை, பதிவை அப்படியே எழுத்தில் வடிப்பது. குரலில் கோபம்தான் முதலில் காதில் விழும். எழுத்தில் வாக்கியம் தனித்தனியாக நிற்கும். ஒவ்வொரு வாக்கியத்தின் பக்கத்திலும் நான்கில் ஒரு குறி போட வேண்டும்: இது தகவலா, போதனை பற்றிய கருத்தா, நிர்வாக முடிவு பற்றிய கருத்தா, ஆளைப் பற்றிய பேச்சா? வாத்தியாரின் ஏழு நிமிடத்தில் ஆறு செய்திகள் இருந்தன. ஆறும் ஒரே எடை இல்லை. பங்குத்தந்தையும் அன்பியத் தலைவரும் ஆறையும் ஒரே மூட்டையாகக் கட்டி ‘கீழ்ப்படியாமை’ என்று முத்திரை குத்தியதில்தான் சிக்கல் முற்றியது.

முதல் செய்தி: “போப்பாண்டவர் இப்போ அந்த மாதிரி ஜோடிகளுக்குக் கோயில்ல கல்யாணம் பண்ணி வைக்கச் சொல்லிட்டாரு.”

இது தவறான தகவல். அறிக்கையில் மொத்தம் 45 எண்கள். 39ஆம் எண்ணைப் படித்தாலே போதும்: இந்த ஆசியை அரசுப் பதிவு ஒப்பந்தச் சடங்கோடு சேர்த்தோ அதன் தொடர்பிலோ தரக்கூடாது, திருமணத்துக்குரிய உடை, சைகை, சொல் எதுவும் கூடாது. 2024 ஜனவரி 4 அன்று அதே துறை விளக்கக் குறிப்பு ஒன்றையும் வெளியிட்டது. இந்த ஆசி பத்துப் பதினைந்து வினாடியில் முடிகிற எளிய செபம் என்று அதில் இருக்கிறது. வாத்தியார் பதிவு போட்டபோது அந்தக் குறிப்பு வந்து ஒரு வாரத்துக்கு மேலாகிவிட்டது.

அவர் பொய் சொன்னார் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. தவறு எங்கே நுழைந்தது என்று பார்த்தால் அது ஒரு சொல்லில் நுழைந்திருக்கிறது. தோட்டத்துக் கத்தோலிக்கர் பேச்சில் எண்ணெயும் தண்ணீரும் செபமாலையும் ‘மந்திரிக்கப்படும்’. ‘ஆசீர்வாதம்’ என்றால் பல வீடுகளில் மனத்தில் வருவது மணமக்கள் பீடத்தின் முன் முழந்தாளிடும் காட்சி. மூன்று ஞாயிறு ஓலை (திருமண அறிவிப்பு) வாசித்து, சாட்சிகள் கையெழுத்துப் போட்டு, குரு கையை உயர்த்தும் அந்த நேரம். “ஜோடிகளை ஆசீர்வதிக்க வத்திக்கான் அனுமதி” என்ற தலைப்பு அந்தக் காதில் “மெய்விவாகத்துக்கு (கோயில் திருமணத்துக்கு) அனுமதி” என்றுதான் விழும். அறிக்கையைத் தமிழில் எடுத்துச் சொல்கிறவர்கள் இந்த இடத்தைக் கவனிக்காமல் போனால் ஊருக்கு ஊர் இதே குழப்பம் வரும். இந்த ஒரு விஷயத்தில் வாத்தியாரைவிடப் பங்கு நிர்வாகத்தின் பொறுப்பு பெரிது. டிசம்பர் கடைசியில் ஒரு பக்கக் குறிப்பைத் தமிழில் தந்திருக்கலாம்.

இரண்டாம் செய்தி: “ஆப்பிரிக்க ஆயர்கள் முடியாதுன்னு சொல்லிட்டாங்க, நம்ம ஆயர்களும் ஒரு வார்த்தை சொல்லணும்.” இதில் குற்றம் எதுவும் இல்லை. 2024 ஜனவரி 11 அன்று ஆப்பிரிக்க, மடகாஸ்கர் ஆயர் பேரவைகளின் கூட்டமைப்புத் தலைவரான கின்ஷாசா கர்தினால் அம்போங்கோ, தங்கள் கண்டத்தில் ஒரே பாலின ஜோடிகளுக்கு இந்த ஆசியைத் தருவது பொருத்தம் இல்லை என்று வெளிப்படையாகவே அறிவித்தார். அந்தக் கடிதத்தின் நடையைக் கவனிக்க வேண்டும்: உரோமைக்குப் போய்த் திருத்தந்தையையும் துறைத் தலைவரையும் கலந்த பிறகு எழுதியது, திருத்தந்தையோடு ஒன்றித்திருக்கிறோம் என்பதைத் தெளிவாகச் சொல்லி, அதன் பிறகு ‘எங்களால் இயலாது’ என்றது. அதற்காக யார்மீதும் நடவடிக்கை வரவில்லை. தன் ஆயரிடம் ஒரு வார்த்தை கேட்பது மலேசியக் கத்தோலிக்கருக்கும் உள்ள உரிமை. மலேசியத் தண்டனைச் சட்டம் ஒரே பாலின உறவைக் குற்றமாகவே வைத்திருக்கிறது என்று எல்லாருக்கும் தெரியும். அதனால் ஒரு குரு என்ன செய்ய வேண்டும், எதைத் தவிர்க்க வேண்டும் என்ற கேள்விக்கு இங்கே கூடுதல் கனமும் உண்டு.

மூன்றாம் செய்தி மரண தண்டனை பற்றியது. 2018 ஆகஸ்ட் 2 அன்று மறைக்கல்வி ஏட்டின் (திருச்சபையின் போதனைத் தொகுப்பு) 2267ஆம் எண் மாற்றப்பட்டு, மரண தண்டனை ஏற்கத்தகாதது என்றானது. “கஞ்சா, சாபு விக்கிறவன் நம்ம பிள்ளைங்களைக் கொல்றான், அவனைத் தூக்குல போடக்கூடாதுன்னா என்ன நியாயம்?” என்கிறார் வாத்தியார். லயங்களில் போதைப்பொருளுக்குப் பிள்ளைகளைப் பறிகொடுத்தவர்கள் கேட்கிற கேள்வி இது. எளிதாகத் தள்ளிவிட முடியாது. மலேசியாவிலேயே கட்டாய மரண தண்டனை 2023 ஜூலையில்தான் நீங்கியது. நீதிபதியின் விருப்பில் தண்டனை இன்னும் இருக்கிறது. ஆனாலும் இது நிர்வாக முடிவு இல்லை, போதனை. இதன் விதி வேறு.

நான்காவது, சீன அரசோடு ஆயர் நியமனம் பற்றி 2018 செப்டம்பர் 22 அன்று கையெழுத்தான தற்காலிக ஒப்பந்தம் தவறு என்பது. ஐந்தாவது, ஜூன் மாதம் திருத்தந்தைக்காக எடுக்கும் பேதுருவின் காணிக்கை போட வேண்டாம் என்பது. ஆறாவது, பிரான்சிஸுக்கு முந்திய திருத்தந்தை பதினாறாம் பெனடிக்ட் பற்றியது, கடைசி நிமிடத்தில் வருகிறது: “சில பேரு சொல்றாங்க, பெனடிக்ட் பதவி விலகினதே செல்லாது, இவரு உண்மையான போப்பே இல்லைன்னு. அப்படின்னா பூசையில எதுக்கு இவரு பேரைச் சொல்லணும்?”

சட்டம் சொல்வது

திருச்சபைச் சட்டத் தொகுப்பின் (1983) 212ஆம் எண் மூன்று பத்தி கொண்டது. ‘போப்பை எதிர்த்துப் பேசவே கூடாது’ என்பவர்கள் முதல் பத்தியோடு நிறுத்திவிடுகிறார்கள். ‘எதையும் பேசலாம்’ என்பவர்கள் மூன்றாம் பத்தியின் முதல் பாதியோடு நிறுத்திவிடுகிறார்கள். முதல் பத்தி: மேய்ப்பர்கள் விசுவாச ஆசிரியர்களாக அறிவிப்பதையும் திருச்சபைத் தலைவர்களாக நிறுவுவதையும் விசுவாசிகள் தங்கள் பொறுப்பை உணர்ந்து கீழ்ப்படிதலோடு பின்பற்ற வேண்டும். இரண்டாவது: தங்கள் தேவைகளையும் விருப்பங்களையும் மேய்ப்பர்களிடம் சொல்ல அவர்களுக்கு உரிமை உண்டு. மூன்றாவது: தங்கள் அறிவு, திறன், தகுதிக்கு ஏற்ப, திருச்சபையின் நலன் பற்றிய கருத்தை மேய்ப்பர்களுக்குத் தெரிவிக்கும் உரிமையும், சில வேளைகளில் கடமையும் அவர்களுக்கு உண்டு; மற்ற விசுவாசிகளுக்கும் அதைத் தெரிவிக்கலாம். அதற்கு நான்கு கட்டுகள்: விசுவாசமும் ஒழுக்கமும் சிதையக் கூடாது, மேய்ப்பர்மீது மரியாதை குறையக் கூடாது, பொது நன்மையை நினைக்க வேண்டும், ஆளின் மாண்பைக் காக்க வேண்டும்.

‘கடமை’ என்ற சொல் சட்டத்திலேயே இருக்கிறது என்பதைப் பங்குப் பேரவைகள் பலவற்றில் யாரும் சொல்லித் தருவதில்லை. ‘மற்ற விசுவாசிகளுக்கும்’ என்பதும் சட்டத்திலேயே இருக்கிறது. ஆகவே வாத்தியார் குழுவில் பேசியதே குற்றம் என்ற வாதம் இங்கேயே விழுந்துவிடுகிறது.

‘அறிவு, திறன், தகுதி’ என்றதும் பட்டம் வாங்கியவர்கள் என்று நினைத்துவிடுகிறோம். செம்பனை ஆலையில் கணக்கு எழுதியவருக்குப் பெய்ஜிங் இராஜதந்திரம் தெரியாமல் இருக்கலாம். ‘ஆசீர்வாதம்’ என்ற சொல் தன் லயத்தில் எப்படிக் கேட்கும் என்பது அவருக்குத் தெரியும். உரோமையில் உள்ள எந்த இறையியலாருக்கும் அது தெரியாது. அந்த விஷயத்தில் அவர்தான் திறன் உள்ளவர். அதை ஆயரிடம் சொல்லாமல் விட்டால்தான் குறை.

எந்தத் தட்டில் எது

திருத்தந்தை சொல்வது எல்லாம் ஒரே தட்டில் இல்லை. 1870 ஜூலை 18 அன்று முதல் வத்திக்கான் சங்கம் வரையறுத்த தவறா வரம், அகில உலகத் திருச்சபைக்கும் கட்டுப்படுத்தும் விதத்தில், விசுவாசம் அல்லது ஒழுக்கம் பற்றி இறுதியாக வரையறுக்கும்போது மட்டும் பொருந்தும். அதற்குப் பிறகு இந்த முறையில் தெளிவாக வரையறுக்கப்பட்டது 1950இல் மாதாவின் விண்ணேற்பு ஒன்றுதான். அதை மறுப்பவர் விசுவாசத்தையே மறுக்கிறார். அங்கே ‘கருத்து’ என்று எதுவும் கிடையாது.

அடுத்த தட்டு, திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 752ஆம் எண். இறுதியாக வரையறுக்காமல் போதனையாகச் சொல்லப்படுவதற்கு விசுவாச ஒப்புதல் கேட்கப்படுவதில்லை. அறிவும் மனமும் சமயப் பற்றோடு பணிய வேண்டும் என்று கேட்கப்படுகிறது. மரண தண்டனை எண் இங்கேதான் வரும். பணிவு எவ்வளவு கனமாக இருக்க வேண்டும் என்பதற்கு இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் திருச்சபை பற்றிய கோட்பாட்டு விளக்கம் 25ஆம் எண்ணில் மூன்று அளவுகோல் தருகிறது: ஆவணத்தின் தன்மை, அந்தப் போதனை எத்தனை முறை திரும்பச் சொல்லப்பட்டது, எந்த நடையில் சொல்லப்பட்டது. மனத்துக்குப் பிடிபடவில்லை என்றால் படித்துப் பார்க்கலாம், கேட்கலாம், தன் தடையை மேய்ப்பரிடம் சொல்லலாம். ‘இந்தப் போதனை பொய்’ என்று வகுப்பில் சொல்லிக் கொடுக்க முடியாது. வாத்தியார் வகுப்பில் நிற்கும்போது தன் பெயரில் நிற்கவில்லை, திருச்சபையின் பெயரில் நிற்கிறார். வீட்டு முற்றத்திலும் பெரியவர்கள் குழுவிலும் அதே கேள்வியைக் கேட்டால் எடை வேறு. இந்த வழக்கில் அவர் வகுப்பில் எதுவும் சொல்லவில்லை என்பது உறுதியாயிற்று. பிள்ளைகளின் பெற்றோரை விசாரித்தபோது எல்லாரும் ஒரே மாதிரி சொன்னார்கள்.

அதற்கும் கீழே நிர்வாகமும் இராஜதந்திரமும். சீன ஒப்பந்தத்தின் வாசகம் இன்றுவரை வெளியாகவில்லை; 2020, 2022, 2024 ஆண்டுகளில் அது புதுப்பிக்கப்பட்டது, கடைசியாக நான்கு ஆண்டுக்கு. ஹாங்காங்கின் முன்னாள் ஆயர் கர்தினால் ஜென் தொடக்கம் முதலே அதை வெளிப்படையாகக் கண்டித்து வருகிறார். அவர் திருச்சபையை விட்டு விலகவும் இல்லை, அவர்மீது திருச்சபைத் தண்டனையும் இல்லை. இந்தத் தட்டில் உள்ள முடிவு விவேகமானதா இல்லையா என்று வாதாடலாம். அதே பங்கில் சீனக் குடும்பங்கள் இருக்கும்போது, சீன மண்ணில் உறவினர் உள்ளவர்கள் என்ன நினைக்கிறார்கள் என்று ஒருமுறை கேட்டிருந்தால் வாத்தியாரின் வாதத்துக்குக் கனம் கூடியிருக்கும்.

விமானத்தில் நிருபர்களிடம் சொன்னது, பேட்டி, ஞாயிறு உரையின் நடுவே வந்த ஒரு வரி எல்லாம் கடைசித் தட்டு. பதினாறாம் பெனடிக்ட் இயேசுவைப் பற்றித் தாம் எழுதிய நூலின் முன்னுரையிலேயே, இது போதனை அதிகாரத்தின் செயல் அல்ல, யாரும் என்னை மறுத்துப் பேசலாம் என்று எழுதிவைத்தார்.

கடைசி நிமிடம்

முதல் செய்தியின் தகவல் பிழையைத் தவிர்த்துப் பார்த்தால், ஆறு நிமிடம் வரை வாத்தியாரின் பக்கம் நிற்க முடிகிறது. ஏழாவது நிமிடத்தில் முடியவில்லை. 332ஆம் எண்ணின் இரண்டாம் பத்தி: திருத்தந்தையின் பதவி விலகல் சுதந்திரமாகச் செய்யப்பட்டு முறையாக வெளிப்படுத்தப்பட்டால் போதும், யாரும் ஏற்க வேண்டியதில்லை. பெனடிக்ட் 2013 பிப்ரவரி 11 அன்று அறிவித்தார், 28ஆம் தேதி பதவி காலியானது. அதற்குப் பிறகு ஏறக்குறைய பத்து ஆண்டு உயிரோடு இருந்தார். தம் விலகல் செல்லும் என்று தாமே சொல்லியும் எழுதியும் வைத்தார்.

திருப்பலியின் நற்கருணை மன்றாட்டில் “எங்கள் திருத்தந்தை” என்று பெயர் சொல்வது, அவரோடு ஒன்றித்து இந்தப் பலியை ஒப்புக்கொடுக்கிறோம் என்பதற்கு. அந்தப் பெயரை விடச் சொல்வது, அவர் முடிவில் குறை காண்பதோடு நிற்காது. அவரோடு உள்ள ஒன்றிப்பையே கைவிடுவதாகும். 751ஆம் எண் பிரிவினை என்று சொல்வது இதைத்தான்: திருத்தந்தைக்குப் பணிய மறுப்பது அல்லது அவருக்குப் பணிந்துள்ளவர்களோடு ஒன்றித்திருக்க மறுப்பது. 2024 ஜூலையில் பேராயர் விகானோ திருச்சபை விலக்குக்கு உள்ளானார். பிரான்சிஸைக் கண்டித்ததற்காக அந்தத் தீர்ப்பு வரவில்லை. அவரைத் திருத்தந்தையாக ஏற்க மறுத்தது, இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் அதிகாரத்தை மறுத்தது ஆகியவற்றுக்காக வந்தது. கர்தினால் ஜென்னையும் பேராயர் விகானோவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் கோடு எங்கே போகிறது என்று தெரியும்.

வாத்தியார் பிரிவினைக்காரர் ஆகிவிட்டாரா? இல்லை. ‘சில பேரு சொல்றாங்க’ என்று காணொலியில் கேட்டதைக் கேள்வியாக வீசியிருக்கிறார். 1364ஆம் எண்ணின் தண்டனை விழுவதற்குத் தெரிந்து, வேண்டுமென்றே மறுக்க வேண்டும். அன்பியத் தலைவர் சொன்ன பட்டம் சட்டப்படி பொருந்தாது. அதை நூற்றுக்கணக்கானோர் முன் சொன்னது 220ஆம் எண் காக்கிற நற்பெயரைக் கெடுக்கும் செயல். அதே சமயம், ‘சில பேரு சொல்றாங்க’ என்ற முன்னுரை யாரையும் பொறுப்பிலிருந்து விடுவிப்பதில்லை. 26 ஆண்டு போதித்தவர் சொன்னால் ஊர் அதை அவர் கருத்தாகவே எடுத்துக்கொள்ளும்.

காணிக்கை விஷயம் சிறியது. எவ்வளவு போடுவது என்பது அவரவர் மனச்சாட்சி. திருச்சபையின் தேவைக்கு உதவும் கடமை பொதுவாக 222ஆம் எண்ணில் இருக்கிறது. ஒருவர் போடாமல் இருப்பது வேறு, ஊரையே போடாதே என்று தூண்டுவது வேறு. 2021 டிசம்பர் 8 முதல் நடப்பில் உள்ள தண்டனைச் சட்டத் திருத்தத்தின் 1373ஆம் எண், திருப்பீடத்தின் பணிச்செயலை முன்னிட்டு அதன்மேல் வெறுப்பைப் பொதுவில் தூண்டுவதையும் கீழ்ப்படியாமையைக் கிளப்புவதையும் தண்டனைக்குரியது என்கிறது. அந்த வாக்கியம் இதற்குப் பக்கத்தில் வந்து நின்றது என்று சொல்லலாம், உள்ளே விழவில்லை.

தொரைக்கு எதிர்ப்பேச்சு

பங்கில் பெரியவர்கள் பலர் பதிவைக் கேட்டு நடுங்கியதற்கு இறையியல் காரணம் இல்லை. தோட்டத்தில் மூன்று தலைமுறை வளர்ந்த பழக்கம் அது: கங்காணியிடம் வாய் திறக்காதே, தொரைக்கு எதிர்ப்பேச்சு பேசாதே, பேசினால் வேலையும் போகும், வீடும் போகும். வீடு தோட்டத்துடையது என்பதால் அது வெறும் பயம் இல்லை, உண்மை. அதே பணிவு கோயிலுக்குள் வந்து ‘கீழ்ப்படிதல்’ என்ற பெயரை எடுத்துக்கொண்டது. திருச்சபையின் கீழ்ப்படிதல் அந்த வகை இல்லை என்பதைச் சொல்லியாக வேண்டும். சொல்லாமல் விட்டால் நம் மக்கள் ஒன்று வாயை மூடுவார்கள், அல்லது ஒருநாள் மொத்தமாக வெடிப்பார்கள். இந்தப் பதிவு அந்த வெடிப்புதான்.

கலாத்தியர் மடல் இரண்டாம் அதிகாரம் 11ஆம் வசனத்தில் பவுல், அந்தியோக்கியாவில் கேபாவை (பேதுருவை) நேருக்கு நேர் எதிர்த்ததை எழுதுகிறார். எதற்காக? பந்திக்காக. பிற இனத்தாரோடு ஒன்றாக உட்கார்ந்து உண்டுவந்த பேதுரு, யாக்கோபிடமிருந்து ஆள் வந்ததும் பயந்து பந்தியை விட்டு விலகினார். சாதி பார்த்துப் பந்தியும் இருக்கையும் பிரித்த வரலாறு தமிழ்த் திருச்சபைக்கும் உண்டு. ஆகவே இந்தப் பகுதி நமக்கு மற்றவர்களைவிட நெருக்கமாகப் புரியும். பேதுரு தவறாகப் போதிக்கவில்லை, தவறாக நடந்துகொண்டார் என்று தொடக்கத் திருச்சபையின் எழுத்தாளர் தெர்த்துல்லியன் பிரித்துச் சொன்னார். பவுல் எல்லார் முன்னிலையிலும் சொன்னார். ஆனால் பேதுரு திருத்தூதரே இல்லை என்று சொல்லவில்லை.

இடைக்கால இறையியலார் தோமா அக்குவினார் இந்த வசனத்தை வைத்தே, விசுவாசத்துக்கு ஆபத்து என்றால் கீழுள்ளவர் தம் மேலாளரைப் பொதுவிலும் கண்டிக்கலாம் என்கிறார். மற்ற நேரத்தில் தனியாக, சாந்தத்தோடும் மரியாதையோடும் என்கிறார். 1331இல் திருத்தந்தை இருபத்திரண்டாம் யோவான், புனிதர்கள் பொதுத் தீர்வைக்கு முன் கடவுளை முகமுகமாகக் காண்பதில்லை என்று மறையுரைகளில் சொன்னபோது, பாரீஸ் இறையியலார் வெளிப்படையாக மறுத்தார்கள். 1334இல் மரணப் படுக்கையில் அவர் அதை விலக்கிக்கொண்டார்; அவருக்குப் பின் வந்த பன்னிரண்டாம் பெனடிக்ட் 1336இல் மாறான போதனையை வரையறுத்தார். சாயம் தோய்ப்பவரின் மகளான சியன்னா நகர் கத்தரீனாள், அவிஞ்ஞோனில் இருந்த திருத்தந்தை பதினோராம் கிரகோரிக்கு, உரோமைக்குத் திரும்புங்கள், ஆண்பிள்ளையாக நடந்துகொள்ளுங்கள் என்று எழுதினார். எழுதும்போது அவரை ‘இனிய அப்பா’ என்றே அழைத்தார். 1377 ஜனவரியில் கிரகோரி உரோமைக்குள் நுழைந்தார். கத்தரீனாள் 1970 முதல் திருச்சபையின் மறைவல்லுநர்.

பிரான்சிஸும் 2019 செப்டம்பரில், மடகாஸ்கரிலிருந்து திரும்பும் விமானத்தில், விமர்சனம் எப்போதும் உதவும் என்றார். பதிலைக் கேட்க விரும்பாமல் கல்லை எறிந்துவிட்டுக் கையை மறைக்கிற விமர்சனம்தான் தமக்குப் பிடிக்காது என்றார்.

பங்குத்தந்தையின் பக்கத்துத் தவறு

பங்கில் மறைக்கல்விக்குப் பொறுப்பு பங்குத்தந்தை; விசாரணை முடியும்வரை ஒருவரை ஒதுங்கி இருக்கச் சொல்ல அவரால் முடியும். தவறு முறையில் நடந்தது. ஒருவரின் உரிமையைப் பாதிக்கும் ஆணைக்கு முன் அவரைக் கேட்க வேண்டும் என்கிறது 50ஆம் எண். ஆணை எழுத்தில், காரணத்தோடு இருக்க வேண்டும் என்கிறது 51ஆம் எண். புலனக் குழுவில் போட்ட இரண்டு வரி இந்த இரண்டிலும் தேறாது.

முறையான எழுத்து ஆணை வந்திருந்தால் வாத்தியாருக்கு வழி உண்டு: ஆயரிடம் முறையீடு, ஆணை கைக்கு வந்த நாளிலிருந்து 15 நாளுக்குள் (1737ஆம் எண்). தெரியாமல் போன நாளும், செயல்பட முடியாமல் போன நாளும் அந்தக் கணக்கில் சேராது. குருவின் ஆணைக்கு எதிராக ஆயரிடம் போகும்போது, முதலில் குருவிடமே திரும்பப் பெறக் கேட்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஆயரின் ஆணைக்கு எதிராக உரோமைக்குப் போவதானால்தான் 10 நாளுக்குள் ஆயரிடம் முதலில் எழுத்தில் கேட்க வேண்டும். திருத்தந்தையின் ஆணைக்கு மட்டும் மேல்முறையீடு கிடையாது (333ஆம் எண், மூன்றாம் பத்தி). கருத்துச் சொல்லலாம், வழக்காட முடியாது. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்பவர்கள் நிறைய.

சரிசெய்தது

1733ஆம் எண், வழக்குக்கு முன் நடுவர் வைத்துப் பேசிப் பார்க்கச் சொல்கிறது. பக்கத்துப் பங்கின் ஓய்வுபெற்ற குரு ஒருவர் வந்து உட்கார்ந்தார். எழுத்தில் வடித்த பதிவு இருவர் கையிலும் இருந்தது. முதல் அரைமணி நேரம் யாரும் இறையியல் பேசவில்லை.

“ஃபாதர், நான் திருச்சபையை விட்டுப் போகல. இங்கதான் ஞானஸ்நானம், இங்கதான் எனக்கு மண்ணு. கேள்விதான் கேட்டேன்.”

“அந்தக் கேள்விய எங்கிட்ட கேட்டிருக்கலாமே வாத்தியாரே.”

“உங்களுக்கு நேரம் எங்க ஃபாதர் இருக்கு? பூசை முடிஞ்சதும் காரை எடுத்துட்டு அடுத்த எஸ்டேட்டுக்குப் போயிடுறீங்க.”

பங்குத்தந்தை அதற்குப் பதில் சொல்லவில்லை. நான்கு இடத்துக்கு ஒரு குரு என்ற நிலைதான் குறைகள் கோயில் முற்றத்தில் தீராமல் கைப்பேசிக்குப் போவதற்குக் காரணம். அதை யாரும் அங்கே மறைக்கவில்லை.

முடிவானவை நான்கு. வாத்தியார் அதே குழுவில், எழுத்தில், முதல் செய்தியையும் ஆறாம் செய்தியையும் திருத்துவது. மற்ற நான்குக்கும் மன்னிப்புக் கேட்க வேண்டியதில்லை. பங்குத்தந்தை அதே குழுவில் தம் இரண்டு வரியை விலக்கிக்கொள்வது. அன்பியத் தலைவர் வாத்தியாரின் வீட்டுக்குப் போய்ப் பேசுவது. திருப்பலியில் எழுந்து நிற்கும் பேச்சே இல்லை. மீதியுள்ள கேள்விகளை வாத்தியார் ஆயருக்குக் கடிதமாக எழுதுவது.

கடிதத்துக்கு வைத்த அளவுகள்: ஒரு பக்கம், ஒரே விஷயம், ஆவணத்தின் எண்ணைக் குறிப்பிட்டு. தன் ஊரில் கண்ணால் கண்டது ஒன்று, கேள்வி ஒன்று அல்லது இரண்டு. கேட்டது, காணொலியில் பார்த்தது எதுவும் கூடாது. 2016இல் நான்கு கர்தினால்கள் திருத்தந்தைக்கு ஐந்து கேள்வியை முதலில் தனிமையில்தான் அனுப்பினார்கள். செப்டம்பரில் அனுப்பி, பதில் வராத பிறகு நவம்பரில் வெளியிட்டார்கள். வெளியிட்டது சரியா என்பதில் இன்றும் வாதம் உண்டு. முதலில் தனியாக அனுப்பியதில் யாரும் குறை காணவில்லை. வாத்தியாருக்கும் அதே வரிசை சொல்லப்பட்டது. வாத்தியாரின் முதல் வரைவு நான்கு பக்கம் வந்தது. மூன்று முறை வெட்டிய பிறகு போனது இது:

“மாட்சிமிகு ஆயர் அவர்களுக்கு, தோத்திரம். 2023 டிசம்பர் 18 அறிக்கையின் 31, 39ஆம் எண்களைப் படித்தேன். எங்கள் லயங்களில் ‘ஆசீர்வாதம்’ என்றால் மக்கள் கோயில் கல்யாணம் என்று புரிந்துகொள்கிறார்கள். நானும் அப்படிப் புரிந்துகொண்டு தவறாகப் பேசி, பிறகு திருத்திக்கொண்டேன். தமிழில் இதற்கு வேறு சொல் வைத்து ஒரு விளக்கம் தர முடியுமா? எங்கள் மறைமாவட்டத்தில் குருக்கள் இதை எப்படி நடைமுறைப்படுத்த வேண்டும் என்று சொல்லியிருக்கிறீர்களா? இப்படி ஓர் அறிக்கையைத் திருவிழாக் காலத்தில், மொழிபெயர்ப்பு தயாராகும் முன்பே வெளியிட்டது எங்களைப் போன்ற சிறிய பங்குகளுக்குப் பெரிய பாரமாயிற்று என்பதைத் திருத்தந்தைக்கும் தெரியப்படுத்துமாறு பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். அவருக்காக நாள்தோறும் செபிக்கிறேன்.”

கடைசிக்கு முந்திய வாக்கியத்தை எடுத்துவிடலாமா என்று நடுவராக வந்த குரு கேட்டார். வாத்தியார் மறுத்தார்; அது சரியான முடிவு. திருத்தந்தையின் முடிவு பற்றிய விமர்சனம் கடிதத்தில் அந்த ஓர் இடத்தில்தான் இருக்கிறது. மறைமாவட்டத்தின் வழியாக மேலே போக வேண்டியதும் அதுதான்.

தவக்காலத்தின் இரண்டாம் ஞாயிறு அன்று உறுதிபூசுதல் வகுப்பு மறுபடி தொடங்கியது. 19 பிள்ளைகளில் 17 பேர் வந்தார்கள். மூன்று குடும்பங்களில் இரண்டு திரும்பின. மூன்றாவது குடும்பத்தின் வீட்டுக்கு வாத்தியார் தாமே இரண்டு முறை போயிருக்கிறார். பழைய குரல் பதிவு இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது. 2025 மே மாதம் புதிய திருத்தந்தையாகப் பதினான்காம் லியோ தேர்வான வாரத்தில் அதே பதிவு, முதல் ஆறு நிமிடம் வெட்டப்பட்டு, கடைசி நிமிடம் மட்டுமாகப் பக்கத்து ஊர்க் குழு ஒன்றில் வந்தது. வாத்தியார் அதன் கீழே தம் திருத்தத்தை மறுபடி எழுதிப் போட்டார்.